பி2 ஆங்கிலத் தேர்வுக்குச் சொல்வளம் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் பேசினால் புரிகிறது, செய்தி படித்தால் புரிகிறது, ஓரளவு எழுதவும் வருகிறது. ஆனால் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் மதிப்பெண் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பி2 எனப்படும் மேல் இடைநிலைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் பலர் வந்து சிக்கிக்கொள்ளும் இடம் இது. உடனே ஒரு பெரிய சொற்பட்டியலைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டியல் முடிகிறது, மதிப்பெண் அப்படியே இருக்கிறது.

ஏனென்றால் இந்த நிலைத் தேர்வு நமக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சொல்லை அது வழக்கமாகச் சேரும் சொற்களோடும், இடத்துக்கு ஏற்ற வடிவத்தோடும், தேவைப்படும் நேரத்தில் எடுத்துப் போட வருகிறதா என்று பார்க்கிறது. குறைவான சொற்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: வினாத்தாளை முதலில் படியுங்கள்

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். நான்காவது நிலைதான் பி2. கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் தேர்வு (எஃப்.சி.இ. என்ற பழைய பெயரில் இன்றும் பலர் சொல்கிறார்கள்) நேரடியாக இந்த நிலைக்கானது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 5.5 முதல் 6.5 வரையிலான மதிப்பெண் இதற்கு இணை. சொல்லறிவை வெளிப்படையாகச் சோதிப்பது பி2 ஃபர்ஸ்ட் என்பதால் இங்கே அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வேறு தேர்வு எழுதுகிறவர்களுக்கும் வேலை ஒன்றுதான்.

அதில் ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ் தாளுக்கு 75 நிமிடம். 7 பகுதிகள், 52 கேள்விகள். முதல் நான்கு பகுதிகள் முழுக்கச் சொல்லும் இலக்கணமும். முதல் பகுதியில் 8 கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் பகுதியிலும் 8 இடங்கள், ஆனால் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. பொருத்தமான ஒரே ஒரு சொல்லை நாமே எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில் கொடுத்திருக்கும் வேர்ச்சொல்லை இடத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டும். அதுவும் 8. நான்காம் பகுதியில் 6 வாக்கியங்கள். கொடுத்த சொல்லைத் துளியும் மாற்றாமல் சேர்த்து, இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் வாக்கியத்தை வேறு விதமாகச் சொல்ல வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வரை உண்டு.

முதல் பகுதியில் வரக்கூடிய ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள். மக்களிடம் விழிப்புணர்வை 'உயர்த்த' ஒரு இயக்கம் தொடங்கப்பட்டது என்ற வாக்கியம். 'அவேர்னஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் கோடு. விடைகள்: ரெய்ஸ், லிஃப்ட், எலிவேட், க்ரோ. முதல் மூன்றுக்கும் அகராதியில் 'உயர்த்து' என்றே இருக்கும். நான்குக்குமே உங்களுக்குப் பொருள் தெரியும். ஆனாலும் விடை தெரியாது, 'ரெய்ஸ் அவேர்னஸ்' என்ற சேர்க்கையை எங்காவது பார்த்து மனதில் வாங்கியிருந்தால் தவிர. தேர்வு பார்ப்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

படி 2: உங்கள் தவறுகளைப் பிரித்துப் பாருங்கள்

சொல் படிக்கத் தொடங்கும் முன் ஒரு முழு மாதிரித் தாளை நேரம் வைத்து எழுதுங்கள். திருத்திய பிறகு மதிப்பெண்ணை மறந்துவிட்டு, தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். சொல்லே தெரியாதா? சொல் தெரிந்தும் எதோடு சேரும் என்று தெரியாதா? வேர் தெரிந்தும் வடிவம் மாற்ற வரவில்லையா? விடையைப் பார்த்ததும் 'அட, இது தெரியுமே' என்று தோன்றியதா?

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு முதல் காரணத்தைவிட மற்ற மூன்றும்தான் அதிகம் வரும். கடைசிக் காரணம் நிறைய வந்தால் புதுச் சொல் படிப்பதை இப்போதைக்குக் குறைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சிக்கு நேரத்தைக் கொடுங்கள். இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் தாண்டாதீர்கள். எங்கே ஓட்டை என்று தெரியாமல் மாதக்கணக்கில் உழைப்பது வீண்.

படி 3: எந்தச் சொற்களை எடுப்பது

அரிய, கடினமான சொற்கள் அடங்கிய பட்டியல்கள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்காகத் தயாரானவை. அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற இலவசப் பட்டியல் ஏ1 முதல் பி2 வரையிலான அடிப்படைச் சொற்களைக் கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு 5000 அதோடு பி2, சி1 நிலைச் சொற்கள் இன்னும் 2,000 சேர்க்கிறது. இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்யப் போக வேண்டாம். சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது ஒரு புதுச் சொல் வந்தால், அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் பொருள் புரிந்த வரை போதும், விட்டுவிடுங்கள்.

இன்னொரு அருமையான கருவி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இங்கிலீஷ் வொக்காபுலரி ப்ரொஃபைல். ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக நிலை குறித்திருப்பார்கள். அதைத் திறந்து பார்த்தால், பி2 நிலையில் வருகிறவற்றில் நல்ல பங்கு நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்கள் என்பது புரியும். 'மீட்' என்றால் சந்திப்பது மட்டுமா? 'மீட் எ டெட்லைன்' என்றால் கெடுவுக்குள் முடிப்பது. 'அட்ரஸ் எ ப்ராப்ளம்' என்றால் சிக்கலைக் கையில் எடுத்துத் தீர்க்கப் பார்ப்பது. 'ரன் எ பிசினஸ்' தொழில் நடத்துவது. 'பிரேக் எ ரெக்கார்ட்', 'பிரேக் எ ஹாபிட்', 'பிரேக் த நியூஸ்' மூன்றும் உடைப்பதில் தொடங்கி வெவ்வேறு பக்கம் போகின்றன. இப்படிப்பட்ட பழைய சொற்களில்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்துக்கூட்டும் உச்சரிப்பும் ஏற்கெனவே தெரியும், பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 4: நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு வீடு

இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள் என்று இரண்டு பத்தியாக எழுதும் நோட்டு இந்தத் தேர்வுக்குப் பயன்படாது. ஒரு சொல்லுக்குக் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். 'ரிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

நம்பியிருப்பது என்று பொருள் எழுதியாயிற்று. அடுத்து, பின்னால் 'ஆன்' வரும் என்று எழுதுங்கள்: 'ரிலை ஆன் சம்ஒன்'. வழக்கமாக நடுவே வரும் வினையடை 'ஹெவிலி': 'ரிலை ஹெவிலி ஆன்'. பிறகு குடும்பம்: 'ரிலையபிள்' நம்பத்தக்க, 'அன்ரிலையபிள்' நம்ப முடியாத, 'ரிலையபிளி' நம்பத்தக்க விதத்தில், 'ரிலையபிலிட்டி' நம்பகத்தன்மை, 'ரிலையன்ஸ்' சார்ந்திருத்தல். வேர்ச்சொல்லின் கடைசியில் இருக்கும் ஒய் எழுத்து இந்த வடிவங்களில் எல்லாம் ஐ ஆகிவிடுகிறது என்று சிவப்பில் குறியுங்கள். கடைசியாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து உண்மையான ஒரு வாக்கியம். நீங்கள் நிஜமாகவே யாரை நம்பியிருக்கிறீர்களோ அவரைப் பற்றி எழுதுங்கள், மனதில் நிற்கும்.

இவ்வளவும் ஒரு சொல்லுக்கா என்று தோன்றலாம். இந்தக் கால் பக்கம் வினாத்தாளின் முதல் மூன்று பகுதிகளுக்கும் பதில் சொல்லும். ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு சொற்கள் இப்படி எழுதினால் தாராளம்.

படி 5: 'செய்' என்ற வினையும் நம் தவறுகளும்

எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை ஆங்கிலத்தில் கொலோகேஷன் என்பார்கள். மொழியியலாளர் ஜே.ஆர். ஃபிர்த், ஒரு சொல்லை அது வைத்திருக்கும் சகவாசத்தைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை 1957-இல் எழுதினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மதிப்பெண்ணைக் கொட்டுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் தவறு செய்கிறோம், முயற்சி செய்கிறோம், ஏற்பாடு செய்கிறோம், தியாகம் செய்கிறோம், குற்றம் செய்கிறோம், ஆராய்ச்சி செய்கிறோம், வீட்டுப்பாடம் செய்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் இது சிதறிப்போகிறது. தவறு, முயற்சி, ஏற்பாடு, தியாகம் இவை எல்லாம் 'மேக்' பக்கம்: 'மேக் எ மிஸ்டேக்', 'மேக் ஆன் எஃபர்ட்', 'மேக் அரேஞ்ச்மென்ட்ஸ்', 'மேக் எ சாக்ரிஃபைஸ்'. வீட்டுப்பாடம் 'டூ ஹோம்வொர்க்'. குற்றம் 'கமிட் எ க்ரைம்'. ஆராய்ச்சிக்கு 'டூ ரிசர்ச்' அல்லது கொஞ்சம் முறையாக 'கேரி அவுட் ரிசர்ச்'. 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதுவது நம்மிடம் மிகச் சாதாரணமாக வரும் பிழை. தமிழ் வாக்கியம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, கை அதை அப்படியே எழுதிவிடுகிறது.

மற்ற வினைகளும் இப்படித்தான். கனவு 'காண்கிறோம்', ஆங்கிலத்தில் அது 'ஹேவ் எ ட்ரீம்'. மருந்து 'சாப்பிடுகிறோம்', அது 'டேக் மெடிசின்'. தேர்வு 'எழுதுகிறோம்', அது 'டேக் ஆன் எக்ஸாம்' அல்லது 'சிட் ஆன் எக்ஸாம்'. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்து, தமிழ் வினை ஒன்றைத் தலைப்பாகப் போட்டு, அது ஆங்கிலத்தில் எத்தனை வினைகளாகப் பிரிகிறது என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த ஆங்கிலப் பாடநூலும் இந்தப் பக்கத்தை உங்களுக்காக எழுதித் தராது.

ப்ரிபொசிஷனும் அதே கதை. 'ஒன்றைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' பின்னால் எதுவும் வேண்டாம். 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரிட் வித்' என்கிறோம், வேண்டியது 'மேரிட் டு'. 'அக்யூஸ்' என்றால் 'ஆஃப்', 'ப்ரிவென்ட்' என்றால் 'ஃப்ரம்', 'இன்சிஸ்ட்' என்றால் 'ஆன்', 'கங்க்ராஜுலேட்' என்றால் 'ஆன்'. இரண்டாம் பகுதியின் 8 இடங்களில் இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

சரியான சேர்க்கை எது என்று சந்தேகம் வந்தால் கொலோகேஷன் அகராதி ஒன்றைப் பாருங்கள். அல்லது 'ஸ்கெல்' என்ற இலவச இணையக் கருவியில் சொல்லைத் தட்டினால் உண்மையான வாக்கியங்களிலிருந்து அதன் சேர்க்கைகளைக் காட்டும்.

படி 6: வடிவம் மாற்றுவது

மூன்றாம் பகுதியில் தோற்கிறவர்கள் பலரும் பின்னொட்டு தெரியாமல் தோற்பதில்லை. வாக்கியத்தை முழுவதும் படிக்காமல் தோற்கிறார்கள். இதைப் பாருங்கள்: 'த ட்ரெய்ன் சர்வீஸ் வாஸ் சோ ____ தட் மோஸ்ட் பீப்பிள் வென்ட் பை கார்'. வேர்ச்சொல் 'ரிலை'. பெயரடை வேண்டும் என்று கண்டுபிடித்து 'ரிலையபிள்' எழுதிவிட்டால் மதிப்பெண் போச்சு. ரயிலை நம்ப முடிந்தால் எல்லோரும் ஏன் காரில் போகிறார்கள்? விடை 'அன்ரிலையபிள்'.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: வாக்கியத்தை முழுக்கப் படியுங்கள்; அந்த இடத்தில் பெயர்ச்சொல்லா, பெயரடையா, வினையடையா, வினையா என்று தீர்மானியுங்கள்; எதிர்மறைப் பொருள் தேவையா என்று கேளுங்கள்; பன்மை வேண்டுமா என்று பாருங்கள்; கடைசியாக எழுத்துக்கூட்டு. எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் கிடையாது.

வழக்கமான பின்னொட்டு இல்லாமல், உள்ளேயும் உருமாறும் சொற்களைத் தனியாகப் படியுங்கள்: ஸ்ட்ராங் - ஸ்ட்ரெங்த், ஹை - ஹைட், டீப் - டெப்த், லூஸ் (இழப்பது) - லாஸ், ப்ரூவ் - ப்ரூஃப், சூஸ் - சாய்ஸ், சக்சீட் - சக்சஸ். இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

படி 7: ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவது)

'கெட்' வைத்து இருபது, 'டேக்' வைத்து இருபது என்று ஒரே உட்காரலில் படிப்பதைக் கைவிடுங்கள். 1990-களில் தாமஸ் டிங்க்காம், ராப் வேரிங் இருவரும் செய்த சோதனைகளில், ஒரே வகையைச் சேர்ந்த சொற்களை ஒன்றாகப் படித்தவர்களுக்கு அவை ஒன்றோடொன்று குழம்பி, கற்பது கடினமாயிற்று. ஒரே வினையில் பிறந்த ஃப்ரேசல் வெர்ப்கள் விஷயத்தில் அந்தக் குழப்பத்தை நாம் தினமும் அனுபவிக்கிறோம்.

அதற்குப் பதில் ஒவ்வொன்றையும் அதன் ஒற்றைச் சொல் இணையோடு படியுங்கள். 'புட் ஆஃப்' என்றால் 'போஸ்ட்போன்'. 'டர்ன் டவுன்' என்றால் 'ரெஃப்யூஸ்'. 'புட் அப் வித்' என்றால் 'டாலரேட்'. 'கேரி அவுட்' என்றால் 'பெர்ஃபார்ம்'. நான்காம் பகுதி இந்த இணைகளை அடிக்கடி கேட்கும். ஒற்றைச் சொல்லைக் கொடுத்து ஃப்ரேசல் வெர்பை எழுதச் சொல்லும்.

அந்தப் பகுதிக்கு இதுபோன்ற வாக்கிய மாற்றங்களும் முக்கியம். 'இட் இஸ்ன்ட் வொர்த் வெயிட்டிங் எனி லாங்கர்' என்று கொடுத்து, 'பாயின்ட்' என்ற சொல்லைப் பயன்படுத்தி, 'தேர்' என்று தொடங்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். விடை: 'இஸ் நோ பாயின்ட் இன் வெயிட்டிங்'. சரியாக ஐந்து சொற்கள். 'பாயின்ட்' என்றால் என்ன என்று தெரியாதவர் யாரும் இல்லை. 'நோ பாயின்ட் இன்' என்பதற்குப் பின் ஐ.என்.ஜி. வடிவம் வரும் என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண்.

படி 8: மறக்காமல் வைத்துக்கொள்வது

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் மளமளவென்று நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. ஆகவே முதல் மறுபார்வை அடுத்த நாளே வர வேண்டும். பிறகு மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டலாம்.

எப்படி மறுபார்வை செய்வது என்பது இன்னும் முக்கியம். நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நம்பிக்கையைத் தரும், அவ்வளவுதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அட்டை எழுதுங்கள். முன்பக்கம் கோடிட்ட வாக்கியம், பின்பக்கம் விடை. தனிச்சொல் போட வேண்டாம். 'வீ ____ ஹெவிலி ஆன் ஹிம்' என்று இருக்கட்டும். காகித அட்டை என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை போதும்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். பின்பெட்டிகளைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இதையே ஆங்கி போன்ற செயலிகள் தானாகச் செய்துகொடுக்கின்றன. ஒன்றே ஒன்று, பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்பை இறக்கிப் பயன்படுத்தாதீர்கள். அட்டை எழுதுவதே பாதிப் படிப்பு.

படி 9: வாசிப்பும் கேட்பதும்

பட்டியல் தராததை வாசிப்பு தரும். ஒரு நூலை உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் முன்வைத்த கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஒரு பத்தியில் ஏழெட்டு சொல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எளிதானதை எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாசிக்கும்போது தெரியாத சொல்லை மட்டும் தேடாதீர்கள். எல்லாம் புரிந்த பத்தியில், 'இதை நான் இப்படி எழுதியிருப்பேனா?' என்று கேளுங்கள். நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றும் சேர்க்கைதான் நோட்டுக்குப் போக வேண்டியது. காதுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி நல்லது, எழுத்து வடிவமும் கிடைக்கும்.

படி 10: வெளியே எடுப்பது

எழுத்துத் தாளில் 80 நிமிடத்தில் இரண்டு கேள்விகளுக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 140 முதல் 190 சொற்கள். வாரம் ஒன்று எழுதுங்கள். எழுதும் முன், அந்த வாரம் படித்தவற்றில் நான்கு சேர்க்கைகளைத் தேர்ந்தெடுத்து இயல்பாக உள்ளே கொண்டுவரப் பாருங்கள். இடம் பார்த்துச் சொல் போடவும் பழக வேண்டும். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'கிட்ஸ்' சரி, கட்டுரையில் 'சில்ட்ரன்'.

பேச்சுக்கு ஒரு பயிற்சி: வாசித்த கட்டுரையை மூடி வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பாருங்கள். எங்கே சொல் கிடைக்காமல் தடுமாறினீர்களோ அந்தச் சொல்தான் நாளைய பாடம். ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு எழுத்திலும் பேச்சிலும் கால் பங்கு மதிப்பெண் சொல்வளத்துக்கே என்பதால் இந்தப் பயிற்சி இன்னும் அவசியம்.

மூன்று மாதத்துக்கு ஒரு அட்டவணை

தினம் ஒரு மணி நேரம் இருந்தால்: முதல் கால் மணி அட்டை, அடுத்த அரை மணி வாசிப்பும் நோட்டும், கடைசிக் கால் மணி ஏதேனும் ஒரு பகுதியின் மாதிரிக் கேள்விகள். முதல் மாதம் சேர்க்கைகளும் பழைய சொற்களின் புதுப் பொருள்களும். இரண்டாம் மாதம் வடிவமாற்றமும் ஃப்ரேசல் வெர்பும். மூன்றாம் மாதம் வாரம் ஒரு முழுத் தாள், ஒவ்வொன்றையும் படி 2-இல் சொன்னபடி பிரித்துப் பார்ப்பது. கடைசிப் பத்து நாளில் புதுச் சொல் எதுவும் வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு மடங்கு படிக்காதீர்கள், அட்டைகளை மட்டும் முடித்துவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள்.

தேர்வு அறையில்

முதல் பகுதியில் விடைகளைப் பார்க்கும் முன் கோட்டின் இருபக்கமும் இருக்கும் சொற்களைப் பாருங்கள், ப்ரிபொசிஷன் பல நேரம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் எதையும் எழுதும் முன் முழுப் பத்தியையும் ஒருமுறை வாசியுங்கள். நான்காம் பகுதியில் சுருக்க வடிவம் இரண்டு சொல்லாக எண்ணப்படும் என்பதை நினைவில் வைத்து, எழுதியதை எண்ணிப் பாருங்கள். முதல் நான்கு பகுதிகளை அரை மணிக்குள் முடித்தால் நீண்ட வாசிப்புக்கு நேரம் மிஞ்சும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள்.